ஆறு வாரம் காயும் சோப்பு

ஜனவரி 6

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். ஒரு கடைவாய்ப் பல் மட்டும் என்னோடு ஒத்துப்போகவில்லை. சுமுகமாகப் பிரிந்துவிடலாம் என்கிறார் பல் டாக்டர். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் யார் எது கேட்டாலும் நான் ‘சரி’ என்று சொல்லிவிடுகிறேன். முப்பத்து நான்கு வருடம் நூலகத்தில் மெதுவாகப் பேசியே பழகியதில், மறுத்துப் பேசும் குரல் எனக்கு அமையாமலே போய்விட்டது. எழுதும்போது கொஞ்சம் துணிச்சல் வருகிறது.

உங்கள் பிள்ளை போன வாரம் கூப்பிட்டான். அண்ணன் போய்ப் பத்து மாதம் ஆகிறது. அவர் குளியலறையில் விழுந்த அன்று நீங்கள் வேலையில், ஹாஸ்டல் சமையலறையில் இருந்தீர்கள். நான்கு மணி நேரம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. அந்த நான்கு மணி நேரத்தை அவன் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறான். பேருந்துகளுக்கு நேர அட்டவணை போடும் உத்தியோகம். அவனால் எண்ணாமல் இருக்க முடியாது. நீங்களும் ஓய்வு பெற்று அதே வீட்டில் தனியாக இருப்பது அவனுக்குத் தாங்கவில்லை. தன் வீட்டில் ஓர் அறையை ஒழித்து, வர்ணம் அடித்து, ஜன்னல் ஓரமாகக் கட்டில் போட்டிருக்கிறானாம். வீட்டை விற்றுவிடலாம் என்கிறான். “சித்தப்பா, நீங்க சொன்னா அம்மா கேப்பாங்க” என்றான். நான் சொல்லி நீங்கள் கேட்ட ஒரு சந்தர்ப்பத்தை யோசித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஆனாலும் போன் அல்லவா, ‘சரி’ என்றுவிட்டேன்.

ஆகவே சொல்கிறேன்: அவனோடு போய் இருங்கள். சொல்லியாகிவிட்டது.

உங்கள் பதில் வரும்வரை நலமாகவே இருப்பேன்.

அன்புடன்,
தம்பி


ஜனவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

நல்லா இருக்கிறேன். முழங்கால் படியேறும்போது மட்டும் பேசுகிறது. பல்லைச் சீக்கிரம் பிடுங்கிவிடுங்கள். உங்களுக்கு எதையும் தள்ளிப்போடும் குணம் உண்டு.

பையன் சொன்னதை நீங்கள் சொல்லிவிட்டீர்கள், நானும் படித்துவிட்டேன். இப்போது கிளம்ப முடியாது. ஒரு வேலை ஆரம்பிக்கப் போகிறேன்.

ஹாஸ்டலில் இருபத்தெட்டு வருடம் முந்நூறு பேருக்குச் சமைத்ததற்கு, கடைசி நாள் வார்டன் அம்மா மேடையில் ஏற்றி இரண்டு டின் தேங்காய் எண்ணெய் கொடுத்தார்கள். டின்னுக்குப் பதினைந்து கிலோ. மற்றவர்களுக்குக் கடிகாரம் கொடுப்பார்கள். எனக்கு எது உபயோகப்படும் என்று யோசித்திருக்கிறார்கள். தனியாள் முப்பது கிலோ எண்ணெயை என்ன செய்வது? திறந்து பார்த்தேன், லேசாகச் சிக்கு வாடை ஆரம்பித்திருக்கிறது. இனிச் சமையலுக்கு ஆகாது. கீழே கொட்ட மனசில்லை. பக்கத்து வீட்டு வெல்டர், “சோப்பு காய்ச்சலாமேக்கா” என்றார். அவர் வேடிக்கையாகச் சொன்னார். எனக்கு அது வேலையாகப் பட்டது.

உங்கள் நூலகத்தில் சோப்பு செய்வது பற்றிப் புத்தகம் இருக்கிறதா? ஓய்வு பெற்ற பிறகும் தினம் அங்கேதான் போய் உட்காருகிறீர்களாமே. பார்த்து எழுதுங்கள். சீக்கிரம்.

குளிர் காற்றில் மஃப்ளர் இல்லாமல் போகாதீர்கள்.

அண்ணி


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். பல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

புத்தகம் கிடைத்தது. பதினோரு வருடமாக யாரும் எடுக்காத புத்தகம். என்னைக் கண்டதும் தூசியோடு எழுந்து வந்தது. நீங்கள் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

சோப்பு என்பது எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்து இரண்டும் இல்லாமல் போவது. சரியான அளவில் சேர்ந்தால் கடைசியில் காஸ்டிக் மிச்சம் இருக்காது. மிச்சம் இருந்தால் தோலை அரித்துவிடும். ஒவ்வொரு எண்ணெய்க்கும் ஒவ்வோர் அளவு. தேங்காய் எண்ணெய் கிலோவுக்கு 173 கிராம். தராசில்தான் நிறுக்க வேண்டும். கண்ணளவு கூடாது என்று ஆசிரியர் மூன்று இடத்தில் சொல்கிறார். மூன்றாவது இடத்தில் கொஞ்சம் கோபமாகவே.

காஸ்டிக்கைத் தண்ணீரில் போட வேண்டும். தண்ணீரைக் காஸ்டிக்கில் ஊற்றக் கூடாது, பொங்கி முகத்தில் அடிக்கும். அலுமினியப் பாத்திரத்தைத் தின்றுவிடுமாம், எவர்சில்வர்தான். கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை அவசியம். ஜன்னல் திறந்திருக்கட்டும். கலந்து கிண்டி, கரண்டியைத் தூக்கிச் சொட்டவிட்டால் சொட்டு விழுந்த கோடு மேலேயே நிற்க வேண்டும். அதுதான் பதம். அச்சில் ஊற்றி, இறுகியதும் வெட்டி, காற்றாட ஆறு வாரம் காயவிட வேண்டும். அதற்குள் தொடக் கூடாது.

முதல் முறை செய்பவர்கள் ஒரு கிலோ எண்ணெயோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். இது 19ஆம் பக்கம், அடிக்கோடு என்னுடையது. நூலகப் புத்தகத்தில் நான் கோடு போட்டது இதுவே முதல் தடவை என்பதைக் கவனிக்கவும்.

பத்திரமாக இருங்கள்.

தம்பி


பிப்ரவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

சௌக்கியம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

ஒரு கிலோ எனக்குக் கையில் வரவில்லை. முயற்சி செய்தேன். சின்னப் பாத்திரத்தில் அந்த ஒரு கிலோ எண்ணெயைப் பார்த்தால் யாரோ பாத்திரம் கழுவ மறந்துவிட்டது போல இருந்தது. இருபத்தெட்டு வருடம் நான் எதையும் ஒரு கிலோ செய்ததில்லை. ஒரு டின்னை முழுதாக ஊற்றிவிட்டேன்.

பயப்பட வேண்டாம், எல்லாம் புத்தகப்படிதான். நாலு பெரிய எவர்சில்வர் பாத்திரம், நாலு பங்கு. பங்குக்கு 650 கிராம் காஸ்டிக், தராசில் நிறுத்தேன், வழக்கம்போலக் கடைசியில் ஒரு கரண்டி. தண்ணீரில்தான் போட்டேன். வெல்டர் தன் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு, வாசலில் நின்று “அக்கா, இது என் வேலையைவிட மோசமா இருக்கு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முழுக்கைச் சட்டைக்கு வீட்டில் பஞ்சமில்லை. உங்கள் அண்ணனுடைய நீலக் கட்டம் போட்டதை மாட்டிக்கொண்டேன்.

அச்சுக்கு அலமாரியின் நாலு இழுப்பறையும் சரியாக இருந்தது, உள்ளே பிளாஸ்டிக் தாள் விரித்துக்கொண்டேன். மறுநாள் வெட்டச் சொல்கிறது புத்தகம். தேங்காய் எண்ணெய் புத்தகம் படிப்பதில்லை. சாயங்காலமே கல்லாக இறுகிவிட்டது. வெட்டும்போது ஓரம் கொஞ்சம் உதிர்ந்தது. மொத்தம் 212 சோப்பு. கட்டில், மேசை, ஜன்னல் திண்டு, எங்கே பார்த்தாலும் சோப்பு.

ஞாயிற்றுக்கிழமை பையன் வேனோடு வந்துவிட்டான். சாமான் கட்ட அட்டைப்பெட்டி வேறு. உள்ளே வந்து சுற்றிப் பார்த்தான். ஆறு வாரம் காய வேண்டும், தினம் யாராவது திருப்பிப் போட வேண்டும் என்றேன். “எப்ப முடியும்?” என்றான். ஏப்ரல் நாலு என்றேன். நோட்டில் குறித்துக்கொண்டு கிளம்பினான். அவனுக்குத் தேதி சொன்னால் போதும், பாவம்.

வந்ததைத் திருப்பி அனுப்ப வேண்டாமே என்று அட்டைப்பெட்டிகளை வாங்கிக்கொண்டேன். சோப்பு வைக்க ஆகும்.

அண்ணி


மார்ச் 7

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம், இன்று காலையிலிருந்து ஒரு பல் குறைந்த நலம்.

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். இழுப்பறைகளில் இருந்தவை எங்கே போயின என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. பதினைந்து கிலோவில் கன்னி முயற்சி செய்த வேறு யாராவது உண்டா என்று புத்தகத்தின் பின்னிணைப்பு வரை தேடினேன். ஆசிரியருக்கே அந்தத் தைரியம் இருந்ததாகத் தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் எழுதியதை அடுக்கி வைத்தே சம்பளம் வாங்கியவன் நான்; உங்கள் 212 சோப்பை நினைத்தால் எழுந்து நிற்கத் தோன்றுகிறது.

ஒரே ஒரு சந்தேகம். ‘வழக்கம்போலக் கடைசியில் ஒரு கரண்டி’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது என்ன கரண்டி? புத்தகத்தில் அப்படி ஒரு கரண்டி இல்லை. பல தடவை பார்த்துவிட்டேன்.

சோப்பின் ஓரத்தை நனைத்து, நாக்கு நுனியில் ஒரு நொடி தொட்டுப் பார்க்கச் சொல்கிறது 47ஆம் பக்கம். ஒன்றும் தெரியாவிட்டால் நல்ல சோப்பு. சுரீரென்றால் காஸ்டிக் மிச்சம். உடனே வாய் கொப்பளிக்க வேண்டும்.

உடனே எழுதுங்கள்.

தம்பி


மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நாக்குக்குத்தான். சுரீரென்றது. முந்நூறு பேருக்கு உப்புப் பார்த்த நாக்கு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரின் ருசிகூடத் தெரியாமல் கிடந்தது.

அந்தக் கரண்டிதான். ஹாஸ்டலில் எவ்வளவு அளந்தாலும் கடைசியில் பாத்திரத்துக்கு ஒரு கரண்டி அதிகம் போடுவேன். யாராவது சொல்லாமல் வந்துவிடுவார்கள். ஒருத்தியின் அண்ணன், ஒருத்தியின் தோழி, ரிப்பேருக்கு வந்த ஆள். இருபத்தெட்டு வருடத்தில் ஒருத்தரைச் சாப்பிடாமல் அனுப்பியதில்லை. கை அந்தப் பழக்கத்திலேயே போட்டிருக்கிறது. காஸ்டிக் சோடாவுக்கு விருந்தாளி வரமாட்டார்கள் என்று கைக்குத் தெரியவில்லை.

உட்கார்ந்து அழுதேன் என்று எழுதினால் நம்பமாட்டீர்கள். அதனால் எழுதவில்லை. அந்தக் கரண்டியை எடுத்துத் தராசில் வைத்தேன். 150 கிராம். நாலு கரண்டி 600. அதற்கு ஈடாக இன்னும் மூன்றரை கிலோ எண்ணெய் வேண்டும் என்று கணக்கு வந்தது. வார்டன் அம்மா வந்திருந்தார்கள், வேதியியல் படித்தவர்கள், அவர்களும் போட்டுப் பார்த்து அதேதான் என்றார்கள். 212 சோப்பையும் துருவினேன். மூன்று நாள். பிறகு கொஞ்சம் தண்ணீர் விட்டு, இரண்டாவது டின்னிலிருந்து எண்ணெய் ஊற்றி, மெதுவாகச் சூடாக்கிக் கிண்டி, மறுபடி இழுப்பறை. இந்தத் தடவை 246. நேற்றுமுன்தினம் வெட்டினேன். பார்க்க அழகாக இல்லை. இப்போதே நாக்கில் ஒன்றும் தெரியவில்லை.

இப்படித் திரும்பக் காய்ச்சியது எத்தனை நாள் காய வேண்டும்? புத்தகத்தில் பாருங்கள். பையன் தேதி கேட்கிறான். “வேணும்னே செஞ்சியாம்மா?” என்று வேறு கேட்டான். நாக்கை நீட்டிக் காட்டினேன்.

இன்னொன்று. வீடு உங்கள் அண்ணன் பெயரிலும் உங்கள் பெயரிலும் பாதிப் பாதியாக இருப்பதால், விற்பதற்கு உங்கள் கையெழுத்து வேண்டும், அந்தக் காகிதம் ஜனவரி முதல் வாரத்திலிருந்து உங்களிடம்தான் இருக்கிறது என்று பையன் சொன்னான். மூன்று கடிதம் எழுதியிருக்கிறீர்கள். பல்லைப் பற்றி இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. தெரியும் என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

பல் பிடுங்கிய இடத்தில் உப்புத் தண்ணீர் கொப்பளியுங்கள்.

அண்ணி


ஏப்ரல் 16

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும். நூலகத்தில் கூரை ஒழுகியது. அகராதிகளை இடம் மாற்ற வேண்டியிருந்தது.

திரும்பக் காய்ச்சிய சோப்பும் ஆறு வாரம் காய வேண்டும். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. உங்கள் பிள்ளை கேட்டால், சித்தப்பா புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார் என்று சொல்லுங்கள்.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது.

தம்பி


ஏப்ரல் 25

அன்புள்ள தம்பிக்கு,

இங்கேயும் வெயில்தான். நலம்.

உங்கள் பதில் வரவில்லையே என்று வார்டன் அம்மாவிடம் சொன்னேன். ஹாஸ்டல் நூலகத்தில் அதே புத்தகம் இருக்கிறதாம், கொண்டுவந்து கொடுத்தார்கள். 63ஆம் பக்கம். சூடாக்கித் திரும்பச் செய்ததற்கு இரண்டு வாரம் போதும் என்று இருக்கிறது. உங்கள் பிரதியில் அந்தப் பக்கத்தில் கூரை ஒழுகியிருக்கும்.

புத்தகத்தை மூடி அலமாரிக்குள் வைத்துவிட்டேன். பையன் வந்தபோது உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். “சித்தப்பா பொய் சொல்லமாட்டார்” என்று மே மூன்று என்று குறித்துக்கொண்டான்.

முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு புத்தகத்தைப் பற்றி நீங்கள் தப்பாகச் சொன்னது இதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். எனக்காகச் சொன்னீர்கள். மறக்கமாட்டேன்.

காகிதம் பற்றி உங்கள் கடைசிக் கடிதத்திலும் ஒன்றும் இல்லை. அதையும் பார்த்தேன்.

அண்ணி


மே 10

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் எழுதவில்லை. சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இரண்டாவது டின்னில் பதினொன்றரை கிலோ மிச்சம் இருந்தது. மே மூன்றுக்கு முதல் நாள் அதைக் காய்ச்சிவிட வேண்டும் என்பதுதான் என் திட்டம். காய்ச்சிவிட்டால் இன்னும் ஆறு வாரம். உங்களுக்குப் புரிந்திருக்கும். பாத்திரம் எல்லாம் எடுத்து வைத்தேன், தராசை வைத்தேன், உங்கள் அண்ணன் சட்டையையும் போட்டுக்கொண்டேன். பிறகு, இந்த வயதில் நான் ஒரு சோப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறேனே என்று தோன்றியது. நல்ல சோப்பை அதற்காகக் காய்ச்சக் கூடாது. எல்லாவற்றையும் எடுத்த இடத்தில் வைத்துவிட்டேன்.

பையன் சொன்ன நேரத்துக்கு வந்தான். “அம்மா, மே மூணு. முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது” என்றேன்.

“அப்ப கிளம்பலாமா?”

“நான் வரலைடா.”

“அடுத்த சோப்பு காயணுமா?”

“எந்தச் சோப்பும் காய வேண்டாம். எனக்கு இங்கதான் இருக்கணும்.”

பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டான். “அப்பா மாதிரி நீயும் விழுந்து கெடந்தா?” என்றான். ஒரு வருடமாக அவன் மனசில் இருந்தது இது ஒன்றுதான். அன்றுதான் வாயில் வந்தது.

“விழலாம்டா. உன் வீட்லயும் விழலாம், நீ ஆபீஸ்ல பஸ்ஸுக்கு டைம் போட்டுக்கிட்டு இருக்கும்போது. எங்க விழணும்கிறத நான் முடிவு பண்ணிக்கிறேன்.”

சொன்ன பிறகு எனக்கே கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. பிள்ளையிடம் சொல்லும் பேச்சு இல்லை. அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இத முதல்லயே சொல்லியிருக்கலாமே. எதுக்கு இவ்வளவு எண்ணெய்?” என்று கேட்டான்.

“முதல்ல எனக்கே தெரியாதுடா” என்றேன். அதுதான் நிஜம். ஜனவரியில் எனக்கு எண்ணெயைக் கொட்ட மனசில்லை, அவ்வளவுதான் தெரியும்.

எழுந்து வெளியே போனான். கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்று நினைத்தேன். சுவர் ஓரம் நின்று வெல்டரோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டுக் கையில் ஒரு காகிதத்தோடு வந்தான். நேர அட்டவணை. காலை ஆறரைக்கும் ராத்திரி எட்டுக்கும் வெல்டர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுப்பார். மூன்று தடவை கூப்பிட்டுப் பதில் இல்லையென்றால் பூட்டை அறுத்து உள்ளே வர அனுமதி. அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான். வெல்டருக்கு அந்த மூன்றாவது கூப்பாட்டின் மேல் ஆசை இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம். ஒரு நாள் குளித்துக்கொண்டிருந்தேன், இரண்டாவது கூப்பாட்டிலேயே பூட்டு அறுக்கும் மிஷின் சத்தம் கேட்டது. சோப்பு நுரையோடு ஓடிவந்து பதில் சொன்னேன்.

அந்த ஜன்னல் ஓரக் கட்டிலை அப்படியே வைத்திரு, நினைத்தால் பத்து நாள் வந்து படுப்பேன் என்று பையனிடம் சொல்லியிருக்கிறேன். வர்ணம் நல்ல வர்ணமாம்.

நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். உங்களிடம் இருக்கும் காகிதத்தை நீங்கள்தான் என்ன செய்வதென்று பார்க்க வேண்டும். கையெழுத்துப் போட்டாலும் உங்கள் மேல் வருத்தம் இல்லை. பாதி வீடு உங்களுடையது. ஆனால் போட்டேன் என்றோ போடவில்லை என்றோ எழுதுங்கள்.

சோப்பு நுரைக்கிறது. நன்றாகவே நுரைக்கிறது.

அண்ணி


மே 24

அன்புள்ள அண்ணிக்கு,

உடம்பு நலம். மற்றதை எழுதுகிறேன்.

காகிதம் ஜனவரி மூன்றாம் தேதி வந்தது. முதல் கடிதம் எழுதும்போதே மேசையில் இருந்தது. போனில் அவனிடம் ‘சரி, போட்டு அனுப்புகிறேன்’ என்று சொல்லியிருந்தேன். உங்களிடம் போகச் சொல்லி எழுதிவிட்டேன். ஆனால் கையெழுத்து விழவில்லை. அவனிடம் ‘மாட்டேன்’ என்றும் சொல்லவில்லை, உங்களிடம் ‘போடவில்லை’ என்றும் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் நல்லவனாக இருந்தபடியே ஐந்து மாதம் போய்விட்டது. பல்லைக் குறித்து நீங்கள் ‘தள்ளிப்போடும் குணம்’ என்று எழுதியதுதான் என்னைப் பற்றிய சரியான மதிப்புரை.

இத்தனை வருடத்தில் மனத்திடம், நேர்மை, தன்மானம் ஆகியவை பற்றி நான் படித்த பக்கங்களை அடுக்கினால் கூரையைத் தொடும். நீங்கள் பாத்திரங்களை எடுத்து வைத்து, பிறகு எடுத்த இடத்திலேயே வைத்தீர்களே, அதற்குச் சமமாக அவற்றில் ஒன்றும் இல்லை. 246 சோப்பு செய்ததைவிடச் செய்யாமல் விட்ட அந்தக் கடைசிச் சோப்பைத்தான் வியந்துகொண்டிருக்கிறேன். இது முகஸ்துதி இல்லை. எனக்கு அது வராது என்று உங்களுக்குத் தெரியும்.

விற்பனைக் காகிதத்தைக் கையெழுத்தில்லாமல் உங்கள் பிள்ளைக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன். கூடவே, ஆறு வாரம் என்றது பொய், புத்தகத்தில் இரண்டு வாரம்தான் என்றும் எழுதிவிட்டேன். சித்தப்பா பொய் சொல்லமாட்டார் என்று அவன் நம்புவதை அப்படியே விட்டால் புத்தகத்துக்கு அவமானம்.

பிறகு ஒரு வக்கீலைப் பார்த்தேன். என் பாதியை உங்கள் பெயருக்கு எழுதிக்கொடுக்கும் பத்திரம் இதோடு இருக்கிறது. வக்கீல் மேற்கொண்டு ஏதோ சொன்னார், அவசரத்தில் நான் கேட்டுக்கொள்ளவில்லை. நான் அந்த வீட்டில் கடைசியாகத் தூங்கி முப்பது வருடம் ஆகிறது. இனி யாரும் யாரிடமும் கையெழுத்துக் கேட்டு உங்களை நகர்த்த வேண்டியதில்லை. மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒரே நாளில் போட்டேன் என்பதைக் குறிப்பிட விரும்புகிறேன்.

தம்பி


ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

நலம். பத்திரம் வந்தது. இரண்டு தடவை படித்தேன். அப்புறம் பையனும் நானும் பத்திர ஆபீசுக்குப் போனோம்.

செல்லாதாம். நீங்கள் வீட்டில் உட்கார்ந்து போட்ட கையெழுத்தை வைத்து அவர்கள் எதுவும் செய்யமாட்டார்களாம். எழுதிக்கொடுக்கிற ஆள் நேரில் வந்து, அவர்கள் கண் முன்னால் போட வேண்டும். “சித்தப்பாவுக்குத் தெரியாதா? எல்லாப் புத்தகமும் படிச்சவராச்சே” என்று பையன் சிரித்தான். சோப்பு விஷயத்தில் உங்கள் மேல் கொஞ்சம் கோபமாக இருந்தான். இப்போது சரியாகிவிட்டான்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறோம். எந்தப் பஸ்ஸில் ஏற வேண்டும், எங்கே மாற வேண்டும் என்று பையன் எழுதியது கூட இருக்கிறது. அதை மீறி உங்கள் இஷ்டத்துக்கு வராதீர்கள், அவனுக்குத் தாங்காது. அடையாள அட்டையை மறக்க வேண்டாம். அன்று ராத்திரியே திரும்ப வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டுமாம். ஒருவர் வெல்டர். வேலையை விட்டுவிட்டு வருகிறார். இன்னொருவருக்கு வார்டன் அம்மாவைக் கேட்கலாம் என்று இருந்தேன். ஆபீஸ் படியில் இறங்கும்போது பையன், “அம்மா, அந்த இன்னொரு கையெழுத்து நான் போடலாமா?” என்று கேட்டான்.

போடு என்றேன்.

அண்ணி